திண்டை எடுத்துவிடுங்கள்

மதுரைப் பக்கமிருந்து ரயிலில் வருபவர்களுக்கு அம்பாத்துரை தாண்டியதும் அந்த மலை தெரியத் தொடங்கும். சமவெளியின் நடுவே மரம் அதிகமில்லாத ஒற்றைப் பாறை, மெத்தையிலிருந்து யாரோ உருட்டிவிட்டதுபோல் கிடக்கும். ஊர்ப்பெயருக்கு இங்கே சொல்லப்படும் விளக்கமும் அதுதான்: திண்டு போன்ற கல், திண்டுக்கல்.

அந்தப் பாறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, சின்னாளபட்டியில் என் பெரியம்மாவின் கட்டிலிலும் ஒரு திண்டு இருந்தது. இலவம்பஞ்சுத் திண்டு. வலது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. தையல் பிரித்தாகிவிட்டது, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். பகலில் சமாளித்துவிடுவார். இரவில்தான் தூக்கம் பிடிக்காது. முட்டிக்குக் கீழே அந்தத் திண்டைக் கொடுத்துக் காலைச் சற்றே மடக்கி வைத்தால்தான் கண் மூடுவார்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, உள்ளே வந்ததும் முதலில் அந்தத் திண்டைத்தான் உருவினார்.

"அம்மா, இதை முட்டிக்குக் கீழே வைக்காதீங்க. வைக்கிறதா இருந்தா குதிகாலுக்குக் கீழே வைங்க."

"அப்படி வச்சா இழுத்து வலிக்குமே தாயி."

"வலிக்கும்மா. பத்து நிமிஷம் தாங்கிக்கங்க. அப்புறம் எடுத்துடலாம்."

அந்தப் பெண் போன பிறகு பெரியம்மா நெடுநேரம் கோபமாக இருந்தார். வலிக்கிற காலுக்கு மெத்தென்று ஒன்றைக் கொடுப்பதில் என்ன தப்பு என்று என்னைத்தான் கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் உடம்பின் உள்ளே இருக்கிறது.

முழங்கால் மூட்டைச் சுற்றி ஒரு பை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் அந்தப் பைக்குள் நீர் கோத்திருக்கும். காலை முழுதாக நீட்டினாலும் முழுதாக மடக்கினாலும் பை இறுகும், உள்ளழுத்தம் ஏறும், வலிக்கும். ஏறக்குறைய 30 பாகை மடக்கி வைத்தால் பை மிகவும் தளர்ந்து, அழுத்தம் குறைந்துவிடும். திண்டு தருவது அந்த 30 பாகையைத்தான். சுகம் உண்மையானது, பெரியம்மா பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே வாரங்களில் உள்ளே வேறொரு வேலை நடக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் செல்கள் கொல்லாஜன் என்ற புரத நாரைப் பின்னிக்கொண்டிருக்கின்றன. முதலில் போடுவது அவசர நெசவு. நார்கள் மெல்லியவை, ஒழுங்கில்லாதவை. மூன்றாவது வாரம் முதல் மாதக்கணக்கில் அந்த நெசவைப் பிரித்துத் தடித்த நாரால் மறுபடி பின்னும் வேலை நடக்கும். எந்தத் திசையில் இழுவை இருக்கிறதோ அந்தத் திசையில் நார்கள் அடுக்கிக்கொள்ளும். இழுவையே இல்லாவிட்டால், இருக்கும் நீளத்திலேயே ஒட்டி இறுகிவிடும். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த பெரியம்மாவுக்கு இதை விளக்க நான் சிரமப்படவில்லை. பாவைத் தொய்வாக விட்டு நெய்தால் சேலை என்ன ஆகும் என்று கேட்டேன். அவ்வளவுதான். இரவு முழுக்க 30 பாகையில் கிடக்கும் முட்டி, 30 பாகைக்கான தழும்பைத்தான் நெய்துகொள்ளும்.

கால் நீளாமல் போனால் என்ன நஷ்டம்? பெரும்பாலோர் மடங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், "எத்தனை டிகிரி மடங்குது?" என்றுதான் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்கள். நீளாத கால் அதைவிட மோசமானது என்பது என் கருத்து. முழுதாக நீண்ட முட்டி ஒரு பூட்டு. உடல் எடை முட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் விழுவதால், தசையின் உழைப்பு ஏறக்குறைய இல்லாமலே நாம் நிற்க முடிகிறது. பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நிற்பது அப்படித்தான். பத்துப் பதினைந்து பாகை மடங்கியே நிற்கும் காலில் அந்தப் பூட்டு விழாது. தொடைத் தசை ஒரு நொடியும் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தசையிடம்தான் பிடிப்பதற்குப் பலம் இல்லை.

மாற்றப்பட்ட மூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த அத்தியாயத்தின் விஷயம் அதுவல்ல. தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் சில மில்லிமீட்டர் சீவி, மேலே கோபால்ட் குரோமியம் கலவை உலோகத் தொப்பி, கீழே ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்புக்குப் பதிலாகத் தடித்த பாலிஎதிலீன் துண்டு. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் மூட்டுகளின் மூதாதை 1974-இல் நியூயார்க்கில் பயன்பாட்டுக்கு வந்தது. ஜான் இன்சாலோடு சேர்ந்து அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத். 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயின் இடது முட்டியையும், 2001 ஜூனில் வலது முட்டியையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியவர் அவர்தான். "மூட்டு மாத்துறது" என்ற சொல் நம் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்ததில் அந்தச் செய்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆவதற்குள், ஜூலை 14 முதல் 16 வரை, வாஜ்பாய் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷரப்புடன் உச்சி மாநாட்டில் இருந்தார். பேச்சுவார்த்தை முறிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எழுபத்தாறு வயதில், புது முட்டியின் ஆறாவது வாரத்தில், ஒரு மனிதர் அத்தனை முறை எழுந்து உட்கார்ந்து நடந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. ஒன்றரை லட்சத்தை ஒட்டி விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதன்பின் நெசவாளர் வீடுகளுக்கும் விவசாயக் குடும்பங்களுக்கும் இந்த ஆபரேஷன் எட்டும் தூரத்துக்கு வந்தது. மூட்டு எட்டியது. மூட்டுக்குப் பின்னான பயிற்சி இன்னும் எட்டவில்லை.

தொடையின் முன்பக்கத் தசைக்கு வருவோம். 2005-இல் அமெரிக்காவில் ஒரு குழு, மூட்டு மாற்றிக்கொண்ட இருபது பேரின் தொடை பலத்தை ஆபரேஷனுக்கு முன்பும், நான்கு வாரம் கழித்தும் அளந்தது. பலம் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்கேன் எடுத்துத் தசையின் பருமனைப் பார்த்தபோது, அது 10 சதவீதம்தான் மெலிந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. வேலைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கான தடயம் 1965-லேயே கிடைத்துவிட்டது. முழங்காலுக்குள் ஊசி வழியாகத் திரவத்தைச் செலுத்திப் பார்த்த ஆய்வாளர்கள், மூட்டு உப்ப உப்பத் தொடைத் தசை சுருங்கும் திறன் குறைவதைக் கண்டார்கள். வலியால் பயந்து அந்த ஆள் காலை விட்டுவிடுகிறார் என்று சொல்ல முடியாது. உள்ளே நீர் கோத்தாலே போதும். மூட்டுப்பையில் இருக்கும் நரம்பு முனைகள் "இங்கே ஏதோ கோளாறு" என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தண்டுவடம் தொடைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நூல் அறுந்தால் இயந்திரம் தானாக நின்றுகொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூலைச் சேர்த்த பிறகு ஒருவர் போய் மறுபடி ஓட்டிவிட வேண்டும். தானாக ஓடாது.

ஓட்டிவிடும் வேலைதான் ஆறாவது வாரத்துக்குப் பிந்தைய பயிற்சி. அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் எல்லாம் நின்றுபோகிறது. வலி குறைந்திருக்கும். கால் ஓரளவு மடங்கும். வாசல் வரை போய்வர முடியும். பிசியோ வருவது நின்றிருக்கும். "போதும், இனி நடந்தாலே சரியாயிடும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், பேரன் செருப்பை எடுத்து வைப்பான். அன்பில் குறையே இல்லை. அந்த அன்பு பெரியம்மாவை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது.

நடந்தாலே சரியாகிவிடுமா? திண்டுக்கல் சமவெளி நடப்பதற்கு இதமான நிலம். பள்ளி மைதானம், பைபாஸ் ஓரம், கண்மாய்க்கரை எங்கே பார்த்தாலும் விடிகாலையில் நடப்பவர்கள்தான். நடை நல்லது, இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு. ஆனால் சமதளத்தில் நடக்க முட்டி 65 பாகை மடங்கினால் போதும், தொடையும் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. படியேற 83 பாகை வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழ 90-ஐத் தாண்ட வேண்டும். சுமையும் ஏறுகிறது. பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே விசை உணரியும் சிறு அலைபரப்பியும் வைத்துத் தைத்து, ஐந்து பேரின் முட்டிக்குள் நேரும் விசையை அளந்தார்கள். 2010-இல் வெளியான அந்தக் கணக்கின்படி சமதளத்தில் நடக்கும்போது மூட்டின் மேல் விழுவது உடல் எடையைப்போல் சராசரி 2.6 மடங்கு, படியேறும்போது 3.2, இறங்கும்போது 3.5. பெரியம்மா 65 கிலோ. நடந்தால் 170 கிலோ, படியிறங்கினால் 225 கிலோ. உலோகமும் பாலிஎதிலீனும் அதைத் தாங்கும். அந்தச் சுமையைப் பிடித்து மெதுவாகக் கீழே விட வேண்டியது தொடை.

சமதளம் மட்டுமே பழகிய கால், டவுன் பஸ்ஸின் முதல் படியிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறும் பெண்களை திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பழனி போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் வின்ச்சிலோ ரோப் காரிலோ போய்வரலாம், தவறே இல்லை. ஆனால் வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறதே, அதற்கு வின்ச் கிடையாது.

என்ன செய்வது? கருவி ஒன்றும் வேண்டியதில்லை. கைப்பிடியில்லாத, உறுதியான மர நாற்காலி ஒன்று. சுவரோடு சேர்த்துப் போட வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, வழுக்கும். அதில் உட்கார்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனசுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் பாடம் இருக்கிறது. உயரம் எட்டாவிட்டால் மடித்த ஜமுக்காளத்தை நாற்காலியில் போட்டுக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டு வரலாம். எழும்போது உடம்பு நல்ல காலின் பக்கம் சாய்கிறதா என்று வீட்டில் ஒருவர் எதிரே நின்று பார்க்க வேண்டும். சாயும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் சாயும், அவர்களுக்கே தெரியாது. அந்தச் சாய்வைத் திருத்தாத பயிற்சி நல்ல காலைத்தான் இன்னும் பலமாக்கும், பழைய மூட்டோடு இருக்கும் அந்தக் காலுக்குச் சுமையையும் கூட்டும்.

பிறகு நாலு அங்குலப் பலகை. ஆபரேஷன் செய்த காலை அதன்மேல் வைத்து, மற்றக் காலால் உந்தாமல் ஏறி நிற்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் காலை விரித்துத் தூக்க வேண்டும், இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் நடை தாராவைப்போல் ஆடும். படுத்துக்கொண்டு நேர்க்காலைத் தூக்குவது சுலபமாகிவிட்டதென்றால் கணுக்காலில் அரை கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் பத்துத் தடவை செய்யும்போது கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாவிட்டால் தசைக்கு அது பயிற்சியல்ல, வாடிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். உழைத்த தசை தன்னைக் கட்டிக்கொள்ள ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. கட்டுவதற்குச் செங்கல் வேண்டும், அது புரதம். இரண்டு வேளை இட்லி, ஒருவேளை ரசஞ்சாதம் என்று ஓட்டும் வயதான பெண்களின் தட்டில் முட்டையோ மீனோ சுண்டலோ பயறோ தினமும் இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

"எழுபது வயசுல என்னத்தத் தசை வளரும்?" இதுதான் அடுத்த கேள்வி. 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரை எட்டு வாரம் தொடைக்குக் கடும் எடைப்பயிற்சி செய்ய வைத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். பயிற்சியை முடித்தவர்களின் தொடை பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் நடந்த கணக்கு இது. எழுபது இளமை.

எவ்வளவு வலி சரி, எவ்வளவு தப்பு என்ற குழப்பம் எல்லோருக்கும் உண்டு. வலியைவிட வீக்கத்தை நம்பலாம். தையல்காரரின் இஞ்சு டேப்பால் முட்டிச்சில்லின் நடுவே சுற்றளவை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். பயிற்சி செய்த மாலையில் கொஞ்சம் வீங்கி மறுநாள் காலையில் வடிந்துவிட்டால் அளவு சரி. மறுநாளும் அப்படியே இருந்தால் அடுத்த முறை குறைக்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னதுபோல் நீர் கோத்த மூட்டு தொடையை மறுபடி நிறுத்திவிடும். முட்டி தொட்டால் சூடாக இருப்பதும், உள்ளே "டொக்" என்று சத்தம் கேட்பதும் மாதக்கணக்கில் இருக்கலாம். உலோகம் பாலிஎதிலீனைத் தொடும் சத்தம் அது, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. வெட்டின் வெளிப்பக்கம் ஒரு கையகலத் தோல் மரத்திருக்கும். அங்கே போகும் சிறு நரம்புக் கிளை ஆபரேஷனில் அறுபடுவதால் இது பெரும்பாலோருக்கு நேரும். நம் வீடுகளில் நொச்சி இலையைச் சூடாக்கியும் உப்பைத் துணியில் முடிந்தும் ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். அந்தக் கொப்புளத்தின் கீழே உலோகம் இருக்கிறது. உலோகத்தின் மேல் ஒருமுறை கிருமி படிந்துவிட்டால் மாத்திரையால் துடைத்தெடுப்பது மிகக் கடினம். சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீங்கிய முட்டிக்குத் துணியில் சுற்றிய ஐஸ்தான் சரி. தழும்பில் புதிதாகச் சிவப்பு, நீர்க்கசிவு, காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் வீக்கத்தை நீவிவிடக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம்.

தரையில் உட்காரலாமா என்று பெரியம்மா கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. தரையில்தான் அவர் வாழ்ந்தார். சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குத்தவைத்துப் பாத்திரம் துலக்கி, அம்மன் முன்னால் மண்டியிட்டு. புது மூட்டு பெரும்பாலும் 110, 120 பாகை வரை மடங்கும். குத்தவைக்க அது போதாது. சில அறுவை மருத்துவர்கள் தரையை முற்றாகத் தடுக்கிறார்கள், சிலர் பொருத்திய மூட்டைப் பார்த்து அனுமதிக்கிறார்கள். அவரவர் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கழிப்பறை மட்டும் உயரமானதாக மாறியே ஆக வேண்டும். மூன்றாவது மாதம் நெருங்கியும் 90 பாகை எட்டாவிட்டால் காத்திருக்கக் கூடாது. தழும்பு முற்றுவதற்கு முன்பு, மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சைக்கு ஒரு காலவரை இருக்கிறது.

தினமும் திண்டுக்கல்லுக்கு ஆட்டோ பிடித்து பிசியோ சென்டருக்குப் போக முடியாதவர்கள் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். சிட்னியில் 165 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் பத்து நாள் தங்கிப் பயிற்சி பெற்றவர்களும், வழிகாட்டலோடு வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களும் ஆறு மாத முடிவில் ஒரே அளவு தூரம்தான் நடந்தார்கள். வழிகாட்டல் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் ஒரு அங்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு விதி சொல்லித் தருவார்கள்: படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். உடம்பைத் தூக்குவதும் இறக்குவதும் எப்போதும் நல்ல காலின் பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். முதல் வாரங்களுக்கு அது கவசம். அதையே மூன்று மாதம், ஆறு மாதம் என்று கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கால் உழைத்துக்கொண்டே இருக்கிறது, புது மூட்டுள்ள கால் துணைக்கு வந்துபோகிறது.

பத்தாவது வாரத்தில் அந்தப் பெண் பெரியம்மாவை வாசலுக்குக் கூட்டி வந்தார். மூன்று படி. இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் நான்.

"இன்னிக்கு வலது காலை மேல வைங்கம்மா."

"அது ஆபரேஷன் காலு தாயி."

"அதைத்தாம்மா."

பெரியம்மா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேலைக்குள் தொடை இறுகுவதும், முட்டி நடுங்குவதும் தெரிந்தது. இடது கால் தரையை விட்டு எழுந்தது. ஒன்று. நின்று மூச்சு வாங்கி, இரண்டு. மூன்றாவதில் சுவரை விட்டுவிட்டார்.

மேலே நின்றுகொண்டு திரும்பிக் கீழே பார்த்தவர், "இறங்குறதுக்கு எந்தக் காலுடா?" என்றார்.